பின்பாட்டுக்கு ஒரு சுருதி

வெள்ளிக்கிழமை மாலை. சிங்கப்பூரின் ஈசூனிலோ ஜூரோங்கிலோ ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் முன்னறை. சோபாவைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்து இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையார் பாட்டு நன்றாகத்தான் தொடங்குகிறது. மூன்றாவது வரியில் மேலே ஏறும்போது பெண்கள் பக்கம் குரல் மெலிகிறது. ஐந்தாவது வரிக்கு வரும்போது எடுத்துப் பாடுபவரும் ஆர்மோனியமும் மட்டும் மிச்சம். மற்றவர்கள் கைத்தாளத்தைத் தட்டிக்கொண்டு உதட்டை அசைக்கிறார்கள். இப்படிக் குரல் அடங்கும்போதெல்லாம் "பின்பாட்டு சத்தமே வரலையே, பக்தியோட பாடுங்க" என்று யாராவது சொல்வது வழக்கம். பக்தி அங்கேதான் இருக்கிறது. பாட்டுதான் அவர்கள் தொண்டைக்கு எட்டாத உயரத்தில் கட்டப்பட்டுவிட்டது.

இந்த நீண்ட பதிவு அதைச் சரிசெய்வது பற்றியது. கோவிலில் திருமுறை ஓதும் குழு, வீட்டு பஜனை, தைப்பூசத்தில் காவடியோடு நடக்கும் கூட்டம் என்று சிங்கப்பூரில் நாம் இறைவனைப் பாடும் இடங்கள் பல. கச்சேரி வேறு, வழிபாடு வேறு. வழிபாட்டில் எடுத்துப் பாடுபவரின் வேலை மற்றவர்களைப் பாட வைப்பது. அவர் எவ்வளவு நன்றாகப் பாடினார் என்பதை, பின்பாட்டு எவ்வளவு நிறைவாக வந்தது என்பதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

சுருதியிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணுகிறோம். கறுப்புக் கட்டைகள் அரை. பயிற்சி பெற்ற ஆண் குரல் 1 அல்லது 1½ கட்டையிலும், பெண் குரல் 5 அல்லது 5½ கட்டையிலும் பாடும். எடுத்துப் பாடுபவர்கள் தங்கள் சுருதியை அப்படியே சபைக்கும் வைத்துவிடுகிறார்கள். சபையில் இருப்பவர்களோ சங்கீதம் படிக்காதவர்கள். அவர்களுடைய வசதியான எல்லையைச் சோதித்துப் பார்த்தால், ஆண்களுக்குக் கீழே 6 கட்டையிலிருந்து மேலே 2 கட்டை வரை, அதாவது ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் மூன்று வெள்ளைக் கட்டைகளும். பெண்களுக்கும் அதே கட்டைகள்தாம், ஒரு ஸ்தாயி மேலே. அந்த எல்லைக்குள் பாட்டு அடங்கினால் இருபாலாரும் ஒரே சுருதியில் சேர்ந்து பாட முடியும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "என் சுருதி எது" என்பதல்ல, "இந்தப் பாட்டு எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது" என்பது. பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் முதல்நாளே ஆர்மோனியத்தில் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஷட்ஜத்துக்கு (சுருதிக் கட்டையில் நிற்கும் ச) கீழே இறங்காமல் மேல் காந்தாரம் (க) வரை ஏறும் பாட்டுக்கு 6½ கட்டை பொருந்தும். மேல் மத்யமத்தையும் (ம) தொட்டால் 6. கீழ்ப் பஞ்சமம் (ப) வரை இறங்கி மேல் ஷட்ஜத்தோடு நின்றுவிடும் பாட்டென்றால் 2 கட்டை வைக்கலாம். கீழ்ப் பஞ்சமத்தையும் மேல் பஞ்சமத்தையும் ஒரே பாட்டில் தொடுவது சபைக்கான பாட்டு அல்ல. அதைப் பாடியே ஆக வேண்டும் என்றால் உச்ச வரிகளை எடுத்துப் பாடுபவர் தனியாகப் பாடட்டும். சபைக்கு ஈற்றடியை மட்டும் கொடுங்கள்.

பெண் ஒருவர் தன் வழக்கமான 5½ கட்டையில் எடுத்தால் ஆண்கள் கீழ் வரிகளில் முனகுவார்கள். ஆண் ஒருவர் 2 கட்டையில் எடுத்து மேல் காந்தாரத்துக்குப் போனால் பெண்களில் பாதிப் பேர் நடுவழியில் கீழ் ஸ்தாயிக்குக் குதிப்பார்கள், மீதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். இரண்டையும் நம் கோவில்களில் வாரம்தோறும் கேட்கலாம். பாட்டு அந்த எல்லைக்குள் வரும்படி சுருதியை மாற்றினாலே போதும், சபை திரும்பிவிடும். எடுத்துப் பாடுபவரின் குரல் அந்தச் சுருதியில் கொஞ்சம் மங்கலாகக் கேட்கும். அதைப் பொறுத்துக்கொள்வதும் அவர் செய்யும் தொண்டில் சேர்த்தி.

அதிகாலையில் இன்னொரு அரைக் கட்டை குறையுங்கள். மார்கழியில் திருவெம்பாவை பாடும் நேரத்தில், சிங்கப்பூரில் விடிவதே ஏறத்தாழ 7 மணிக்கு என்பதால், இருட்டோடு எழுந்து வந்தவர்களின் தொண்டை இன்னும் திறந்திருக்காது. வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வழியில் வந்து நிற்பவர்கள். முதல் இரண்டு பாட்டைத் தாழ்வாக வைத்து, குரல் சூடேறிய பிறகு உயர்த்தலாம் என்று நினைப்பீர்கள். நடுவில் சுருதி மாற்றினால் 20 பாட்டின் ஓட்டமும் உடையும். கடைசிவரை தாழ்வாகவே போவது நல்லது.

எந்த ராகம் என்பதும் சபையின் குரலைத் தீர்மானிக்கிறது. திருவாசகத்தை மோகனத்தில் ஓதும் வழக்கம் எத்தனை பொருத்தமானது என்பது கூட்டமாகப் பாடும்போதுதான் புரியும். மோகனத்தில் அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையே அரைச்சுர நெருக்கமே கிடையாது. கொஞ்சம் தவறிப் பாடினாலும் பக்கத்துச் சுரத்தில் போய் இடிக்காது. (அதே ஐந்து சுரங்கள் சீன இசையிலும் உண்டு. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி மோகனத்துக்குத் தலையசைப்பது வெறும் மரியாதைக்காக மட்டும் இருக்காது.) நாட்டை அப்படியல்ல. அதன் ரிஷபம் காந்தாரத்தை ஒட்டி நிற்பது. பழகாத குரல்கள் அங்கே வழுக்கிவிடும். நட்டபாடைப் பண்ணில் அமைந்த பதிகங்களைச் சபையோடு பாடும்போது, ரிஷபமும் தைவதமும் இல்லாத கம்பீரநாட்டையில் வைப்பது மரபுக்கும் உட்பட்டது, குரலுக்கும் எளிது.

பண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தேவாரப் பண்களுக்கு இன்று ஓதுவார்கள் வழங்கும் ராகங்கள் நிலைபெற்றவை: தக்கேசிக்குக் காம்போதி, பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், கௌசிகத்துக்குப் பைரவி, காந்தாரபஞ்சமத்துக்குக் கேதாரகௌளை, இந்தளத்துக்கு மாயாமாளவகௌளை, செந்துருத்திக்கு மத்யமாவதி. பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்ற பகுப்பும் உண்டு. விடியலுக்கான புறநீர்மையைப் பூபாளத்தில் பாடுகிறோம். இரவுக்கான மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியில். வெள்ளிக்கிழமை இரவு பூசைக்கு வருபவர்களிடம் பூபாளத்தை எடுக்காதீர்கள். சினிமா மெட்டில் பதிகத்தைப் பொருத்திப் பாடும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம். அது சீக்கிரம் மனத்தில் பதியும் என்பது உண்மை. பிறகு அந்த மெட்டைக் கழற்றுவதற்கு ஆண்டுகள் ஆகும் என்பதும் உண்மை.

கோவிலில் பாடும் முறை வீட்டு முறையிலிருந்து வேறு. பூசையில் தீபாராதனைக்குப் பின் உபசாரங்களில் ஒன்றாகப் பஞ்சபுராணம் ஓதப்படும். "திருச்சிற்றம்பலம்" என்று தொடங்கி, தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு. அதைத் தொடர்ந்து திருப்புகழ் ஒன்றும், கந்தபுராணத்து "வான்முகில் வழாது பெய்க" வாழ்த்தும் பாடி, மீண்டும் "திருச்சிற்றம்பலம்" சொல்லி முடிப்பது வழக்கம். நிதானமாக ஓதினால் பத்து நிமிடம். அர்ச்சகர் தட்டோடு காத்திருக்கிறார் என்று அதை நான்கு நிமிடமாகச் சுருக்கும்போது முதலில் பலியாவது சொற்கள். நேரம் குறைவு என்றால் திருப்புகழை விட்டுவிட்டு ஐந்தையும் ஒழுங்காக ஓதுவது மேல்.

ஓதுவார் இல்லாத நாளில் யார் பாடுவது? யாழ்ப்பாண மரபில் அடியார்களே முன்வந்து பஞ்சபுராணம் ஓதுவது இயல்பான வழக்கம். சிலோன் ரோட்டில் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்தை எழுப்பியவர்கள் அந்த மரபிலிருந்து வந்தவர்கள். எல்லாக் கோவில்களிலும் அந்தப் பழக்கம் வர வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு ஐந்து பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் பத்துப் பேர் ஒரு கோவிலுக்குப் போதும். தாளில் பார்த்துப் படிப்பவர் குனிந்தபடி பாடுவார், குரல் தரைக்குத்தான் போகும்.

சபைக்குப் புதிதாக ஒரு பதிகம் கற்றுக்கொடுக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். நான்காம் திருமுறையின் நமச்சிவாயப் பதிகத்தை எடுத்துக்கொண்டால், கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் "நமச்சிவாயவே" என்று முடிகிறது. முதல் வாரம் சபை அந்த ஒரு சொல்லை மட்டும் சரியான சுரத்தில் சேர்ந்து பாடட்டும், மீதியை எடுத்துப் பாடுபவர் பாடட்டும். இரண்டாம் வாரம் ஈற்றடி முழுவதும். மூன்றாம் வாரம் முதல் பாட்டு முழுதாக. நான்காம் வாரத்துக்குள் தாள் இல்லாமல் ஒரு பாட்டு கைவசம் இருக்கும். திருவெம்பாவையின் "ஏலோர் எம்பாவாய்" இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது; ஒன்றுமே தெரியாமல் வந்தவர்கூட 20 முறை அதில் வந்து சேர்ந்துகொள்வார். முதல் வரியிலிருந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கும் வகுப்புகளில் எல்லோருக்கும் முதல் இரண்டு வரி நன்றாகத் தெரியும், கடைசி வரி யாருக்கும் தெரியாது. பாட்டு ஒவ்வொரு முறையும் பலவீனமாக முடியும்.

அடுத்தது உச்சரிப்பு. இங்கே வளரும் பிள்ளைகளில் பலர் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். கொடுக்காதே என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. அதுவும் இல்லையென்றால் சிலர் பாடவே மாட்டார்கள். ஆனால் அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ன, ண ஒன்றாகும். குறிலும் நெடிலும் ஒன்றாகும். "வாழ்க" என்பது "வால்க" ஆகும், இறைவனுக்குச் செய்யும் "பணி" குளிர்ந்த "பனி" ஆகும். செய்யக்கூடியது இது: ஆங்கில எழுத்துத் தாளிலேயே ழ வரும் இடங்களைச் சிவப்பில், ள வரும் இடங்களை நீலத்தில், ண வரும் இடங்களைப் பச்சையில் வட்டமிட்டுக் கொடுங்கள். நெடிலுக்கு மேல் ஒரு கோடு. ஒரு தாளுக்குக் கால்மணி நேர வேலை. ஆறு மாதத்தில் அதே பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கில எழுத்து என்று கொடுத்தால், கண் தானாகத் தமிழ்ப் பக்கம் போகத் தொடங்கும்.

பெரியவர்கள் செய்யும் தவறு வேறு வகை. பொருள் புரிய வேண்டும் என்று புணர்ச்சியைப் பிரித்துப் பாடுவது. "தோடுடைய" என்பதைத் "தோடு உடைய" என்று பிரித்தால் ஓர் அசை கூடுகிறது, தாளம் ஓரிடத்தில் தள்ளாடுகிறது. பிரித்த வடிவத்தைப் பாடுவதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பொருள் சொல்லிவிட்டு, பாடும்போது சேர்த்தே பாடுங்கள். மூச்சு எடுக்கும் இடமும் சீரின் முடிவில்தான். சொல்லின் நடுவில் மூச்சு வாங்குபவர்கள் அநேகமாக முதல் சீரிலேயே காற்றையெல்லாம் செலவழித்தவர்கள்.

இனி வீட்டு பஜனை. எடுத்துப் பாடுபவர் ஒரு வரியைப் பாடுகிறார், மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். இவ்வளவு எளிய அமைப்பில் என்ன தவறு வர முடியும் என்று தோன்றும். நிறைய வரும். முதலாவது சங்கதி. திறமையுள்ளவர் வரியை ஒவ்வொரு முறையும் புது அழகோடு பாடுவார். சபையில் பாதி பழைய வடிவத்தையும் மீதி புதிய வடிவத்தையும் பாடும். சபை ஒரு வரியை இரண்டு முறை உறுதியாகத் திருப்பும்வரை அதில் எந்தச் சங்கதியும் வேண்டாம். இரண்டாவது, வரியின் கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டே போவது. எடுத்துப் பாடுபவர் அரைத் தட்டு முன்பே நிறுத்தி, எல்லோருக்கும் தெரியும்படி மூச்சு வாங்க வேண்டும். அந்த மூச்சுதான் சபைக்குச் சைகை. அது இல்லாவிட்டால் முன்வரிசை ஓர் இடத்திலும் பின்வரிசை ஓர் இடத்திலும் நுழையும்.

மூன்றாவது வேகம். நாமாவளியை முதல் காலத்தில் பாடி, இரண்டாம் காலத்துக்கு இரட்டித்து, கடைசியில் ஒருமுறை விளம்பத்தில் (மெதுவாக) முடிப்பது வழக்கம். உற்சாகத்தில் நிமிடத்துக்கு 90 தட்டில் தொடங்கினால் இரட்டிக்கும்போது 180. கைத்தாளம் அதைத் தட்டிவிடும், நாக்கு தட்டாது. 60இலிருந்து 70க்குள் தொடங்குங்கள். கைபேசியில் தட்டு எண்ணும் செயலி ஒன்றை வைத்துத் தொடங்குவதற்கு முன் நான்கு தட்டு கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் கூட்டுப்பாட்டு வேகம் ஏறத்தான் செய்யும். கைத்தாளம் வைத்திருப்பவர் இதைப் பிடித்து நிறுத்தக்கூடியவர். குழுவில் மிக நிதானமான ஆளிடம் அதைக் கொடுங்கள். நம் வீடுகளில் அது சும்மா இருக்கும் குழந்தையிடம் போகிறது. குழந்தைக்கு வேறு ஏதாவது கொடுக்கலாம், சின்ன மணியை ஆரத்திக்கு என்று ஒதுக்கி வைத்துக் கொடுத்தால் அது அந்தக் கணத்துக்காகவே காத்திருக்கும்.

இருபது பேர் இருக்கும் வீவக முன்னறைக்கு ஒலிவாங்கி தேவையே இல்லை. அது வந்தவுடன் எடுத்துப் பாடுபவரின் குரல் எல்லார் குரலையும் மூடிவிடும். தங்கள் குரல் தங்களுக்கே கேட்காதபோது மனிதர்கள் பாடுவதை நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, அண்டை வீடு. வீவக குடியிருப்பில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அமைதி நேரம். அக்கம்பக்க இரைச்சல் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. 7.30க்குத் தொடங்கி 9 மணிக்கு ஆரத்தி என்று வைத்துக்கொண்டால் எந்தக் கணக்கிலும் பிழையில்லை. கீழ்வீட்டுக்குப் போய்த் தொல்லை தருவது பாட்டைக் காட்டிலும் டோலக்கின் அடித்தொனி. அது தரை வழியாக இறங்கும். டோலக்கை வெறும் தரையில் வைக்காமல் தடித்த பாயையோ மடித்த மெத்தை விரிப்பையோ போட்டு வாசிப்பவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும். முன்கூட்டியே மேல், கீழ், இருபக்க வீடுகளுக்கும் நாளும் நேரமும் சொல்லிவிட்டு, முடிந்தபின் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை அவர்களே நேரம் கேட்பார்கள்.

வீவக கட்டடத்தின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் செய்வதானால் நகர மன்றத்தின் அனுமதி முதலில். அங்கே சிக்கல் எதிரொலி. தாழ்ந்த கூரை, காங்கிரீட் தரை, தூண்கள். ஒவ்வொரு தட்டும் இரண்டு மூன்றாகத் திரும்பி வரும். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும், சொற்கள் கரைந்து போகும். பெரிய பெட்டி இரண்டைவிடச் சிறிய பெட்டி நான்கு, குறைந்த சத்தத்தில், மக்களை நோக்கித் தாழ்த்தி வைத்தது நல்லது. பெட்டிகள் எடுத்துப் பாடுபவருக்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லையேல் ஊளையிடும். வேகத்தையும் வீட்டில் பாடுவதிலிருந்து கொஞ்சம் குறையுங்கள். கைபேசியிலிருந்து புளூடூத் வழியாகச் சுருதி போட்டால் பிரச்சினை இல்லை. அதே வழியில் தாளத்தைப் போடாதீர்கள். ஒலி தாமதமாக வந்து சேரும், மிருதங்கமும் அதுவும் இரண்டு வழி போகும்.

மிருதங்கம் என்றதும் நம் ஊர் ஈரப்பதம் நினைவுக்கு வருகிறது. விடிவதற்கு முன் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், மழையில்லாத பிற்பகலில் 60 சதவீத அளவு. தோல் இதையெல்லாம் உணர்கிறது. ஈரம் குடித்தால் தளர்ந்து சுருதி இறங்கும், குளிரூட்டிய மண்டபத்தில் காய்ந்து இறுகிச் சுருதி ஏறும். வெளியிலிருந்து கொண்டுவந்த உடனே சேர்த்து வைத்துவிட்டுப் பாடத் தொடங்கினால் மூன்றாவது பாட்டில் வலந்தலை (வலப்பக்கத் தோல்) கத்தும். உறையைக் கழற்றி மண்டபத்தில் அரைமணி நேரம் இருக்கவிட்டு, அதன்பின் கல்லும் மரக்கட்டையும் எடுங்கள். இடப்பக்கத் தொப்பியில் ஒட்டும் ரவையும் குளிர்சாதனக் காற்றில் விரைவில் காயும். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு மிருதங்கத்தைப் பொதுவாக அரைக் கட்டைக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ முடியாது. பாட்டுக்குப் பாட்டு சுருதியை மாற்றினால் அது தனித்துவிடும் என்பதால், ஒவ்வொரு தெய்வத்துக்கும் 6 கட்டையை ஒட்டிய பாட்டையே தேர்ந்து நிகழ்ச்சியை அமைத்துக்கொள்வது நல்லது. கலவையாகப் பாடும் குழுவுக்கு, திருகாணி வைத்த டோலக் தோழன்.

ஆர்மோனியத்துக்கு எதிரியும் அதே ஈரம்தான். பித்தளை நாக்குகளில் பச்சை படியும், மரம் உப்பிக் கட்டை அழுந்தியபடி நின்றுவிடும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தூசியைப் பிடித்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை வைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது எல்லாக் கட்டைகளையும் வாசியுங்கள். நவராத்திரிக்கு நவராத்திரி திறக்கும் ஆர்மோனியம்தான் ஊமையாகிறது. காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், துருத்தியின் பசை விட்டுப்போகும். ஒரு நாக்கு ஒலிக்காவிட்டால் பெரும்பாலும் தூசிதான். மெல்லிய தாளை நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைத்து மெதுவாக இழுத்தால் சரியாகிவிடும். வளைத்துப் பார்க்கவே கூடாது.

தமிழ்த் தேவாலயங்களில் பாடுபவர்களுக்கும் இந்தச் சுருதிக் கணக்கு அப்படியே பொருந்தும். பாமாலை மெட்டுகள் சபை பாடுவதற்கென்றே குறுகிய எல்லைக்குள் அமைந்தவை. கீர்த்தனைகள் அப்படியல்ல, பல்லவி சபைக்கு எட்டும், சரணம் எட்டாமல் போகும். சரணத்தைப் பாடகர் குழுவுக்கு விட்டுப் பல்லவிக்குச் சபையை அழைப்பதே அங்கும் வழி.

தைப்பூசம் தனி அத்தியாயம். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல் நடை. 1973 முதல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016இல் வழியில் 3 இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. பிறகு படிப்படியாகத் தளர்வுகள் வந்தன. ஒவ்வோர் ஆண்டும் இந்து அறக்கட்டளை வாரியம் வெளியிடும் விதிகளைக் காவடி எடுப்பவரும் உடன் வருபவர்களும் சேர்ந்து படித்துவிட்டுத்தான் என்ன பாடுவது, எதை எடுத்துப் போவது என்று முடிவு செய்ய வேண்டும். கருவி இல்லாத அந்த நீண்ட ஆண்டுகள் ஒரு நல்லதைச் செய்தன என்று நினைக்கிறேன். காவடிக்காரரின் கால் தளரும்போது தூக்கிவிடுவது கூட வருபவர்களின் தொண்டைதான் என்பதை நாம் மறக்க முடியாமல் போயிற்று.

நடந்துகொண்டே பாடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வெப்பத்தில் ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. கூட்டம் 35 மீட்டர் நீண்டுவிட்டால் முன்னால் பாடுவது பின்னால் பத்தில் ஒரு விநாடி தாமதமாகக் கேட்கும். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் அது ஒரு தட்டில் ஆறில் ஒரு பங்கு. கைத்தட்டல் குழம்பவும் வேகம் இழுபடவும் அது போதும். ஆகவே பாடுபவர்களைக் காவடியைச் சுற்றி நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், பத்து மீட்டருக்குள். கூட்டம் பெரிதென்றால் பின்னால் இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். அவர் காதை நம்பாமல் முன்னால் இருப்பவரின் உயர்த்திய கையைப் பார்த்துத் தட்டட்டும்.

எல்லோரும் எல்லா நேரமும் பாடாதீர்கள். விரதமிருந்து, அதிகாலையிலிருந்து நின்று வந்தவர்களின் குரல் முதல் கிலோமீட்டரிலேயே போய்விடும். மூன்று அணியாகப் பிரிந்து ஓர் அணி எடுத்துப் பாட, மற்ற இரண்டும் "அரோகரா"வுக்கு மட்டும் வாய் திறப்பது. கால்மணிக்கு ஒருமுறை முறை மாற்றுவது. நான்கு அடிக்கு ஒரு மூச்சு. தண்ணீரைக் குளிராக இல்லாமல் சிறு மிடறுகளாக. கத்த வேண்டாம். காவடிக்காரர் நிற்கும் இடங்களில், வேல் சரிசெய்யும் நேரங்களில், சத்தமான பாட்டை நிறுத்திவிட்டு ஒரே ஒருவர் தாழ்ந்த குரலில் விருத்தம் பாடுங்கள். தாளமில்லாத அந்த ஒரு குரல் அவருடைய மூச்சைச் சீராக்குவதைப் பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்கலாம்.

எங்கே பாடினாலும் முடிக்கும் முறை ஒன்றைக் கவனியுங்கள். ஆரத்தி முடிந்தவுடன் ஒருவர் சுருதியை நிறுத்துகிறார், இன்னொருவர் ஆர்மோனியத் துருத்தியைச் சாத்துகிறார், மூன்றாமவர் தட்டுகளை எடுக்கிறார், கண்மூடி இருந்தவர்கள் திடுக்கிட்டு விழிக்கிறார்கள். கைபேசியில் ஓடும் தம்பூராச் சுருதியை மட்டும் விட்டுவையுங்கள். மிருதங்கம் நிற்கட்டும், கைத்தாளங்கள் பாயில் இறங்கட்டும். எல்லோரும் ஒரே மூச்சில் "திருச்சிற்றம்பலம்" சொன்னபின் இரண்டு நிமிடம் சுருதி தனியாக ஓடட்டும். கடைசியில் அதை அணைப்பவர் அன்றைக்கு எடுத்துப் பாடியவராக இருக்க வேண்டாம். பின்வரிசையில் இருக்கும் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்துவிடுங்கள். சத்தத்தைச் சட்டென்று வெட்டாமல், விரலால் மெதுவாகக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.